கறுப்புச் சிறகும் காளி வேடமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் நாற்பது நிமிடம் என் பேச்சைக் கேட்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்வீர்கள். கடைசியில் ஒரு மன்னிப்பு இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும்.

பூஜை விடுமுறைக்குப் பேத்தி நாங்குநேரி வந்திருந்தாள். சென்னையில் உடை வடிவமைப்பு படிக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினாள். நீளமான மேடை. இருட்டு. ஒரு பெண் நடந்து வருகிறாள். உடம்பெல்லாம் கறுப்பு, முதுகில் இறகு இறகாகக் கறுப்புச் சிறகு, தலையில் கொம்பு மாதிரி ஏதோ ஒன்று. முகத்தில் சிரிப்பே இல்லை.

“ஆச்சி, இதுக்குப் பேரு டார்க் ஏஞ்சல். இதப் பத்தித்தான் நான் கட்டுரை எழுதணும். பாத்தா பயமா இருக்கா?”

“எனக்கு என்னட்டி பயம்? குலசைக்குப் போனா இது மாதிரி ஆயிரம் பேரு நடந்து வருவாங்க. அதுவும் செருப்பு இல்லாம” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, “அப்ப ரெண்டுக்கும் வரலாறு சொல்லுங்க” என்றாள். டீச்சரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மூன்று நாள் பேசினோம். அதன் சுருக்கம்தான் இது.

முதலில் அவர்கள் கதை.

தேவதூதர் என்றாலே நமக்குச் சிறகுதான் நினைவுக்கு வரும். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் சம்மனசு என்பார்கள். ஆனால் கிறிஸ்தவ ஓவியத்தின் தொடக்கக் காலத்தில் தேவதூதருக்குச் சிறகு கிடையாது. சாதாரண இளைஞன் மாதிரிதான் வரைந்தார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் சிறகு வருகிறது. கிரேக்கரும் ரோமரும் தங்கள் வெற்றித் தேவதைக்குச் சிறகு வைத்திருந்தார்கள். அந்த உருவம்தான் மெல்லத் தேவதூதர் உருவமாக மாறியது என்கிறார்கள். நம் சிற்பிகள் வேறு வழியில் போனார்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பாருங்கள். வானத்தில் பறக்கும் கந்தர்வர்களுக்குச் சிறகு இல்லை. காலைப் பின்னால் மடக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நமக்குப் பறப்பது தெரிந்துவிடுகிறது.

அந்தச் சிறகு கறுப்பானது விழுந்த தேவதூதன் கதையால். லூசிபர் என்பது லத்தீன் சொல். ஒளியைக் கொண்டு வருபவன் என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் ஏசாயா புத்தகத்தில் அதே இடத்தில் ‘விடிவெள்ளி’ என்று இருக்கும். அந்தப் பகுதி உண்மையில் பாபிலோன் ராஜாவைப் பற்றியது. பிற்காலத்தார் அதைச் சாத்தான் வானத்திலிருந்து விழுந்த கதையோடு சேர்த்துவிட்டார்கள். 1667இல் மில்டன் என்ற ஆங்கிலக் கவிஞர் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் அவனைப் பெருமிதமும் வேதனையும் உள்ளவனாகப் படைத்தார். 1847இல் கபானெல் என்ற பிரெஞ்சு ஓவியர் ஒரு படம் வரைந்தார். விழுந்த தேவதூதன் கையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். கண்ணில் கண்ணீரும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அழகன். ஒளியில் பிறந்து இருட்டில் விழுந்தவன் என்பதால் அவன் மேல் கலைஞர்களுக்கு ஓர் ஈர்ப்பு. பேத்தி காட்டிய மேடைக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

இனி மேடை. 1984இல் தியரி மியூக்ளர் என்ற வடிவமைப்பாளர் பாரிஸில் செனித் என்ற பெரிய அரங்கில் ஒரு காட்சி நடத்தினார். சுமார் 6,000 பேர். பொதுமக்களுக்கும் டிக்கெட் விற்றார்கள். அதற்கு முன் ஆடைக் காட்சி என்றால் பத்திரிகைக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டும்தான். அந்தக் காட்சியில் தேவதைகளும் வந்தார்கள், மாதா கோலத்தில் ஒரு பெண் மேலே கூரையிலிருந்து இறங்கியும் வந்தாள். ஏறக்குறைய ஒரு திருவிழா.

அதை இருட்டுக்குள் கொண்டு போனவர் அலெக்சாண்டர் மெக்வீன். 1969இல் லண்டனில் டாக்ஸி ஓட்டுநர் மகனாகப் பிறந்தவர். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு, கோட்டு தைப்பதற்குப் பேர்போன சாவில் ரோ தெருவில் தையல் பழகப் போனார். (திருப்பூரிலும் சென்னையிலும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.) 1996இல் ‘தாந்தே’ என்ற பெயரில் ஒரு காட்சி நடத்தினார். நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவிஞரின் பெயர் அது. நடத்திய இடம் லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் உள்ள 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். கறுப்பு லேஸ், மான்கொம்பு, சிலுவை வைத்த முகமூடி. முன்வரிசை நாற்காலி ஒன்றில் ஓர் எலும்புக்கூட்டை உட்கார வைத்திருந்தார்.

2010 பிப்ரவரியில் அவருடைய தாயார் இறந்த சில நாட்களில் அவரும் இறந்துபோனார். அப்போது பாதியில் நின்றிருந்த உடைகளில் 16 மட்டும் அடுத்த மாதம் பாரிஸில் சின்னக் கூட்டத்துக்குக் காட்டப்பட்டன. பழைய ஓவியர்கள் வரைந்த தேவதூதர்களையும் பேய்களையும் பட்டுத் துணியில் அச்சிட்டிருந்தார். அந்தத் தொகுப்பையே ‘தேவதூதர்களும் பேய்களும்’ என்றுதான் சொல்கிறார்கள். கடைசி உடை பொன் பூசிய இறகுகளால் ஆன ஒரு கோட்டு. மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளைக் காட்சிக்கு வைத்தபோது 6 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். 2018இல் அதே அருங்காட்சியகம் உடையும் கத்தோலிக்கக் கற்பனையும் என்ற பொருளில் நடத்திய கண்காட்சிக்கு 16 லட்சம் பேருக்கு மேல்.

இதைப் பேத்தி சொன்னபோது நான் ஒன்று கேட்டேன். “அதே கட்டடத்துக்குள்ள நம்ம பேயம்மா இருக்காங்களே, பாத்தியாட்டி?”

காரைக்கால் அம்மையாரைச் சொன்னேன். சோழர் காலத்து வெண்கலச் சிலை ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்பு தெரியும் உடம்பு, வற்றிய மார்பு, கையில் தாளம். புனிதவதி அழகான பெண்தான். மாம்பழ அதிசயத்தைக் கண்டு பயந்துபோன கணவன் விலகிப் போன பிறகு, அவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என்று சிவனிடம் கேட்டுப் பேய்வடிவம் வாங்கிக்கொண்டார். தன்னைக் காரைக்கால் பேய் என்று தானே சொல்லிக்கொண்டார். அறுபத்துமூவரில் ஒருவர். மேல்நாட்டில் அழகை இழப்பது தண்டனை. அம்மையாருக்கு அது வரம்.

இனி நம் பக்கம்.

மேல்நாட்டுக்கு ஒரு விழுந்த தேவதூதன் என்றால் நம் நெல்லைச் சீமைக்கு ஒரு சுடலைமாடன். வில்லுப்பாட்டில் சொல்லும் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கைலாசத்தில் பார்வதி பிள்ளை வேண்டும் என்று கேட்க, எரிகிற விளக்கின் சுடரிலிருந்து விழுந்ததை முந்தானையில் ஏந்துகிறாள். அது வெறும் முண்டமாக இருக்கிறது. சிவன் அதற்குக் கைகால் கொடுக்கிறார். சுடரில் பிறந்த பிள்ளை. லூசிபரும் ஒளிதானே, நினைவிருக்கிறதா? அந்தப் பிள்ளை ராத்திரி எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது. பிணம் தின்றவனுக்குக் கைலாசத்தில் இடமில்லை என்று பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இதுவரை இரண்டு கதையும் ஒன்றுபோலத்தான் போகின்றன. இங்கேதான் பிரிகின்றன. அங்கே விழுந்தவன் கடவுளுக்கு எதிரியானான். இங்கே இறக்கிவிடப்பட்டவனுக்கு வரமும் கொடுத்து, ஒரு வேலையும் கொடுத்து அனுப்புகிறார்கள். காவல் வேலை. சீவலப்பேரியில் தொடங்கி நம் ஊர் வயக்காட்டு ஓரம் வரைக்கும் அவன் பீடம் இல்லாத இடம் எது? ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவான். இருட்டுக்குப் பயந்தவர்கள் இருட்டிடமே காவலை ஒப்படைத்திருக்கிறார்கள்.

இசக்கியும் அப்படித்தான். நாகர்கோவில் போகிற வழியில், காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் கோயிலில் பஸ்ஸெல்லாம் நின்று காணிக்கை போட்டுவிட்டுப் போகும். நம் பக்கத்து இசக்கி மண் சிலைகளில் ஒரு கையில் பிள்ளை இருக்கும், வாயில் இன்னொரு பிள்ளை இருக்கும். அவளிடம்தான் நம் பெண்கள் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். இசக்கி என்ற பெயர் இயக்கி, அதாவது யட்சி என்பதிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. கழுகுமலைச் சமணப் பாறையில் பிள்ளைகளோடு நிற்கும் அம்பிகா என்ற இயக்கியைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும்.

“கதை சரி ஆச்சி. உடை எங்க?” என்று கேட்டாள் பேத்தி. கெட்டிக்காரி.

உடையும் இருக்கிறது. நம் கொடையில் சுடலைக்கு ஆடுகிற சாமியாடியை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் சல்லடம், அதில் மணி, கச்சை, தலையில் உயரமான குல்லாய், கையில் வல்லயம், மறு கையில் தீப்பந்தம். பக்கத்தில் கணியான் கூத்து. மகுடம் அடிக்க, இரண்டு ஆண்கள் பெண் வேடத்தில் ஆடுவார்கள். சாமக்கொடையில் அந்தச் சல்லடத்து மணிச் சத்தம் கேட்டால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்காரும்.

இன்னும் பின்னால் போகலாம். சிலப்பதிகாரம் மதுரைக் காண்டத்தில் வேட்டுவ வரி என்று ஒரு பகுதி. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காட்டுவழியில் கொற்றவை கோயிலில் இளைப்பாறுகிறார்கள். அங்கே எயினர், தங்கள் குலத்துக் குமரிப் பெண் ஒருத்திக்குக் கொற்றவை வேடம் கட்டுகிறார்கள். தலைமுடியை உயர்த்திக் கட்டி, வெள்ளைப் பாம்புக்குட்டி போன்ற கயிற்றைச் சுற்றுகிறார்கள். காட்டுப்பன்றியின் வளைந்த கொம்பைப் பிறைச்சந்திரனாகச் செருகுகிறார்கள். புலிப்பல்லைக் கோத்துத் தாலியாகப் போடுகிறார்கள். இடுப்பில் புலித்தோல். கையில் வில். கலைமான் மேல் ஏற்றுகிறார்கள். இளங்கோவடிகள் ஒவ்வொரு அணியாகச் சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்தால், இன்றைக்கு ஆடைக் காட்சியை எழுதும் பத்திரிகைக்காரர் தோற்றுவிடுவார்.

மேடைக்காரர்களுக்கும் எயினருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் குமரி உடையைக் காட்ட வரவில்லை. வேடம் கட்டி முடிந்ததும் சுற்றி நின்றவர்களுக்கு அவள் கொற்றவை. அவளையே கும்பிடுகிறார்கள்.

இந்த எண்ணம் அழியாமல் நிற்கும் இடம்தான் குலசேகரன்பட்டினம். இப்போது ராக்கெட் ஏவுதளம் வருகிறது என்று உலகத்துக்கே தெரிந்த ஊர். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். நமக்கு அது முத்தாரம்மன் ஊர். தசரா பத்து நாள். கொடியேறியதும் காப்புக் கட்டுவார்கள். வேடம் கட்டுகிறவர்கள் அதற்கு முன்பே விரதம் தொடங்கியிருப்பார்கள். காளி வேடத்துக்கு விரதம் கடுமை. வீட்டில் தங்காமல் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் உண்டு. குறவன் குறத்தி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று எத்தனையோ வேடம். ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசூர சம்ஹாரம். சூரன் யானை முகம், சிங்க முகம் என்று மாறி மாறி வருவான். கடைசியில் எல்லோரும் கூட்டத்தோடு அம்மன் பின்னால் நிற்பார்கள். மறுநாள் காப்புக் களைவார்கள்.

காளி வேடம் என்றால் சும்மா இல்லை. சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சூலாயுதம், சிவப்புச் சேலை. முதுகில் சட்டம் கட்டி இரண்டு பக்கமும் கைகள் விரிந்திருக்கும். இந்த வருஷம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சாத்தான்குளம், உடன்குடி வழியாகப் போய்ப் பார்த்தேன். அவள் ஒரு காளிக்குப் பின்னால் நின்று அந்தச் சட்டம் தோளில் எப்படி ஏறியிருக்கிறது, பாரம் எப்படி இடுப்புக்கு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஆச்சி, சிறகு கட்டுறதும் இப்படித்தான். பின்னால இருந்து பாத்தா அந்தக் கைதான் சிறகு” என்றாள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

வேடம் கட்டியவர் மீன் பிடிக்கிறவராக இருக்கலாம், கொத்தனாராக இருக்கலாம், பெரும்பாலும் ஆண்தான். ஆனால் அந்தப் பத்து நாளும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ‘அம்மா’ என்பார்கள். வயதான ஆச்சிகள் காலில் விழுந்து திருநீறு வாங்குவார்கள். கன்னங்கரேல் என்ற நிறத்துக்கு நம் நாட்டில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

1990களின் பின்பாதி. தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் நடந்த காலம். பிள்ளைகள் கையில் கலர் கலராகக் கயிறு. எந்தக் கலர் எந்தச் சாதி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் கயிறைக் கண்டால் அறுத்துவிடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் மேசை டிராயரில் கத்திரிக்கோல் வைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். நல்ல கறுப்பு. ஆண்டுவிழா நாடகத்தில் தேவதைக்கு நிறமான பிள்ளைகளையும் அசுரனுக்கு அவனையும் நிறுத்துவது என் வழக்கம். இரண்டு வருஷம் அவன்தான் அசுரன். நன்றாகவும் நடித்தான். ஒரு தடவைகூட, “டீச்சர், நான் ராஜாவா வாரேன்” என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தசரா சமயம். அவன் கையில் மஞ்சள் கயிறு. கையை நீட்டு என்றேன். “டீச்சர், அது காப்பு டீச்சர்” என்றான். எல்லோரும் ஏதாவது காரணம் சொல்கிறார்கள் என்ற எரிச்சல் எனக்கு. அறுத்துவிட்டேன். அவன் அழவில்லை. குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நாலு நாள் கழித்து அவன் அம்மா வந்தார். வயிற்றில் ஏதோ கட்டி என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தவர். அவருக்காகப் பையன் காளி வேடம் நேர்ந்திருக்கிறான். முதல் வேடம். “காப்பு அறுந்துட்டு, இனி நான் கட்டமாட்டேன்னு சொல்லுதான் டீச்சர். சோறு திங்கமாட்டேங்கான்” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விதி எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா” என்றேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் பிழைத்துக்கொண்டார், கடவுள் புண்ணியம். பையன் அந்த வருஷம் வேடம் கட்டவில்லை. பத்தாவது முடித்துவிட்டுத் திருப்பூர் பக்கம் தையல் வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். பல வருஷம் கழித்து ஒரு பூசாரியிடம் இதைச் சொன்னபோது அவர், “அறுந்தா என்ன டீச்சர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேற கட்டி விட்டிருப்பேனே” என்றார். ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் அணியக்கூடாது என்று அதில் பரிந்துரை இருக்கிறது. நான் அதை முழுதாக ஏற்கிறேன். சாதியைக் கையில் கட்டிக்கொண்டு வந்தால் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். குலசையிலும் சாதிக் கொடியும் ரிப்பனும் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கிறார்கள். சரிதான்.

ஆனால் என் பிள்ளைகளில் இன்றைக்கு ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கத்திரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் அது என்ன என்று கேளுங்கள். கேட்ட பிறகு பள்ளியில் கூடாது என்றால், அதை விளக்கிச் சொல்லி, வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு, அவர்களே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒருவன் உடம்பில் அணிவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். மெக்வீன் இறகுக் கோட்டிலும் இருக்கிறது, எயினர் மகளின் பன்றிக்கொம்பிலும் இருக்கிறது, எட்டாம் வகுப்புப் பையனின் மஞ்சள் கயிற்றிலும் இருக்கிறது. முதல் இரண்டையும் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது என் கண்முன்னால் நின்றது, அதைத்தான் நான் படிக்கவில்லை.

இன்னொன்று. அடுத்த ஆண்டுவிழாவில் கறுப்பாக இருக்கிற பிள்ளைக்கும் ஒரு தடவை சிறகு கட்டிவிடுங்கள். வெள்ளைச் சிறகே கட்டுங்கள்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா தெரியாது. உன் வகுப்புக்காரர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்கள் உனக்குக் காட்டட்டும். உன் பெயரை நான் எழுதவில்லை, உனக்குத் தெரியும். நான் செய்தது தப்பு. உன்னிடமும் உன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த தசராவுக்கு நீ ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. வேடம் கட்டுகிறாய் என்றால் உன் சடைமுடிச் செலவு என்னுடையது. கட்டாவிட்டாலும் வா, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ.

பேத்தி கட்டுரையை முடித்துவிட்டாள். தலைப்பு என்ன வைத்தாய் என்று கேட்டதற்கு இன்னும் யோசிக்கிறேன் என்கிறாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் கீழே எழுதுங்கள். குலசையில் வேடம் கட்டியவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கட்டிய வேடம், என்ன நேர்ச்சை என்று எழுதினால் அவளுக்கும் உதவியாக இருக்கும், எனக்கும் சந்தோஷம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நாங்குநேரி